மேற்படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது?

(பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை விறகு வேலையையும் துணி துவைப்பதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு தாய் கந்தோருக்கு வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு அப்படியே படங்கோடு வந்திருந்தார். "ஐயா, இவ படிச்சு முடிச்சிட்டான்னு நெனச்சேன். இப்ப இன்னொரு படிப்பு படிக்கணுங்கிறா. தோட்டை அடகு வைக்கவா வேணாமான்னு நீங்க சொல்லுங்க" என்றார். மகள் பேராதனையில் அரசறிவியல் படித்துப் பட்டம் பெற்றவள். பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பொதுக் கொள்கையில் முதுமாணி செய்ய வேண்டும், இந்த வருசமே விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பொதுக் கொள்கை என்றால் என்ன என்று அந்தத் தாய் கேட்டார். உங்களுக்கும் அது தெரிய வேண்டும். அரசாங்கம் எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, எந்தப் பணத்தில் செய்வது என்று தீர்மானிக்கும் வழிகளைப் படிப்பதுதான் அது. நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்முடைய பாட்டன் பூட்டன்மாரை நாடற்றவர்கள் ஆக்கியது. மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கதை முடிந்தது. இடையில் 55 வருசம் போய்விட்டது. இன்னொன்றும் சொல்கிறோம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபையே தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்கு அது தடையாக நின்றது. 2018 இல்தான் திருத்தினார்கள். நமது வாழ்க்கையைப் பாதித்த இந்த வரிகளை எழுதும் மேசையில் நம் பிள்ளை ஒன்று இருக்க வேண்டாமா? வேண்டும். ஆகையால் அவளுடைய ஆசை சரியானது. எப்போது என்பதுதான் கேள்வி.

மூன்று நேரங்கள் உண்டு. முதலாவது, பட்டம் முடிந்த கையோடு போவது. படிக்கும் பழக்கம் விட்டுப்போகாது, குடும்பப் பொறுப்பும் குறைவு. ஆனால் நமது நாட்டில் முதற்பட்டம்தான் இலவசம். முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டும். உழைப்பு தொடங்காத பிள்ளைக்கு அந்தப் பணம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

இரண்டாவது, இரண்டு மூன்று வருசம் வேலை செய்துவிட்டுப் போவது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். அதைவிடப் பெரியது, கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கும். வீடமைப்புப் பணம் ஏன் செலவாகாமல் திரும்பிப் போகிறது, தமிழில் எழுதிய கடிதத்துக்கு ஏன் பதில் வருவதில்லை என்று கண்ணால் கண்டவள் வகுப்பில் வேறு மாதிரிப் படிப்பாள். வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் இதைத்தான் பார்க்கின்றன. பிரித்தானிய அரசாங்கத்தின் செவ்னிங் புலமைப்பரிசில் ஒரு வருச முதுமாணிப் படிப்புக்குக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் தருகிறது. அதற்கு இரண்டு வருச வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம் கேட்கிறார்கள். பகுதிநேர வேலையும் தொண்டு வேலையும் கணக்கில் சேரும். முடித்தபின் இரண்டு வருசம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்ட் மாதமளவில் திறப்பது வழக்கம்.

மூன்றாவது, சேவையில் ஊன்றிய பிறகு போவது. கொழும்பில் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் பொது முகாமைத்துவத்தில் முதுமாணி நடத்துகிறது. ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் பொது நிர்வாகத்தில் நடத்துகிறது. வேலையை விடாமல் படிக்கலாம். ஆனால் இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு 100 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் தூரம் வேறு. குழந்தை குட்டி வந்தபின் வார இறுதியில் அந்த பஸ் பயணம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பிள்ளையிடம் நாங்கள் நான்கு கேள்வி கேட்டோம். படிப்பை முடிக்கும் வரை கட்டணத்துக்கு வழி இருக்கிறதா, முதல் தவணைக்கு மட்டுமா? ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் உதவியில்லாமல் எழுத முடியுமா? லீவு கேட்கும் அளவுக்கு நியமனம் நிரந்தரமாகிவிட்டதா? படித்து என்ன செய்யப் போகிறாய்?

நான்காவதுக்கு உடனே பதில் சொன்னாள். லயத்துக் குடும்பங்களுக்குக் காணி உறுதி போய்ச் சேரும் வழியில் எங்கே தடங்கல் என்று ஆராய வேண்டுமாம். மற்ற மூன்றுக்கும் தலையைக் குனிந்தாள். தோட்டை அடகு வைக்க வேண்டாம், இரண்டு வருசம் பொறு என்று சொன்னோம்.

அப்போது தாய் ஒரு வார்த்தை கேட்டார். "ரெண்டு வருசத்துல கல்யாணம், புள்ளன்னு வந்திருச்சின்னா? பொறு பொறுன்னு சொல்லித்தானே ஐயா எங்களையெல்லாம் மலையில விட்டாங்க?"

எங்களுக்கு வாயடைத்துப் போய்விட்டது. ஏனென்றால் நாங்களும் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள்தான். உயர்தரம் சித்தியடைந்த வருசம் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்று இருந்தோம். அடுத்த முறை அப்பாவுக்குச் சுகமில்லை. பிறகு வேலை கிடைத்தது. படிப்பு அப்படியே நின்றுவிட்டது. பொறுத்திரு என்று சும்மா சொல்லி அனுப்பினால் இதுதான் நடக்கும்.

ஆகவே மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதினோம். விண்ணப்பம் போடும் வருசமும் மாதமும். அதுவரை மாதாமாதம் வங்கியில் போடும் தொகை. கிழமையில் மூன்று நாள் ஆங்கிலம். வேலையில் கண்டதை நாட்குறிப்பில் எழுதுவது. வரன் வந்தால் படிப்பைப் பற்றி முதல் நாளே பேசிவிடுவது. தாய் கைநாட்டு வைக்கவில்லை, பெயரையே எழுதினார். கொப்பி அவர் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளின் பெற்றோரே, உங்களுக்கும் சில வார்த்தை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கும் முறையொன்று பல பாடநெறிகளுக்கு இருக்கிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. அதைத் தெரிந்துகொண்டு ஆசிரியர்மாரிடம் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். கடைசி நாளில் அது பிள்ளையின் காலை வாரிவிடும்.

மேற்படிப்புப் படிக்க நினைக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் கந்தோருக்கு வரச் சொல்லுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்தால் போதும். திகதியைச் சேர்ந்து எழுதுவோம்.