பூஜ்யத்துக்கும் ஒரு மின்னோட்டம்

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை இயங்குகிறது. கண்ணாடி உலை என்றால் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ். இரவு பகலாக அணையாமல் எரிய வேண்டும். இத்தகைய சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தருவதோ சில மில்லிவோல்ட்தான். மோட்டார்களுக்கு நடுவே நீண்ட கம்பியில் அதை அப்படியே அனுப்பினால் மின் இரைச்சலில் கரைந்துவிடும். அதனால் டிரான்ஸ்மிட்டர் என்ற கருவி அதை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக மாற்றுவது ஆலைகளில் வழக்கம். கம்பி நீண்டாலும் சுற்று முழுக்க ஓடுவது ஒரே மின்னோட்டம். 0 முதல் 1,600 டிகிரி வரையான அளவில் 1,500 என்பது 19 மில்லிஆம்பியர். கட்டுப்பாட்டு அறையில் 250 ஓம் மின்தடை அதை வோல்டேஜாக்கிய பிறகே அது எண்ணாகிறது.

இந்த மின்னோட்டம் ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? இதில்தான் சூட்சுமம். மின்னோட்டம் பூஜ்யமானால் உலை குளிர்ந்துவிட்டதென்று பொருளல்ல, கம்பி அறுந்திருக்கலாம்! ரோபோக்கள் வேலை செய்யும் காலத்தில் இந்தப் பழைய முறை எதற்கு, எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கலாமே என்று கேட்கலாம். டிஜிட்டல் அதிகத் தகவல் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஹார்ட்' (HART) என்ற முறையில் டிஜிட்டல் செய்தியும் இதே இரண்டு கம்பிகளில் ஏறிப் போகிறது. கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அவையே கொடுத்துவிடுகின்றன.