"ஏன் செய்தாய்?" என்றால் பதில் சொல்லும் நிரல்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் கட்டளை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று எங்கு திரும்பினாலும் 'ஏஜென்ட்' என்ற பேச்சுதான். ஆனால் இந்தச் சொல் நேற்று பிறந்ததல்ல. 1993-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யோவ் ஷோஹாம், ஏஜென்ட் சார்ந்த நிரலாக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏஜென்ட்-0 என்ற மொழியையும் அதில் விளக்கினார். நிரலின் உள்ளே இருப்பதை நம்பிக்கை, வாக்குறுதி, திறன் என்று மனிதரைப் பற்றிப் பேசுவது போலவே எழுதலாம் என்பது அவர் கருத்து.

அதற்கும் முன்னால், 1987-ல், மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவ அறிஞர் மனிதன் எப்படித் திட்டமிட்டு நடக்கிறான் என்று ஒரு நூல் எழுதினார். அந்தத் தத்துவம் கணிப்பொறிக்குள் நுழைந்தது. நம்பிக்கை, விருப்பம், எண்ணம் என்ற மூன்றையும் வைத்து, 1996-ல் ஆனந்த் ராவ், ஏஜென்ட்ஸ்பீக் என்ற மொழியை வடிவமைத்தார்.

நம்ம ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். ஏஜென்ட்ஸ்பீக்கில் ஒரு திட்டத்துக்கு மூன்று பகுதி. நிகழ்ச்சி: தொட்டியில் தண்ணீர் குறைந்தது. சூழல்: கரண்ட் இருக்கு, கிணற்றில் தண்ணீர் இருக்கு. செயல்: மோட்டாரைப் போடு. கரண்ட் இல்லையென்றால் வேறொரு திட்டம்: ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பு. எது பொருந்துகிறதோ அதை நிரலே தேர்ந்தெடுக்கும். அவ்வளவுதாங்க!

இந்த மொழியை விரிவாக்கி, ரஃபேல் போர்டினியும் ஜோமி ஹூப்னரும் உருவாக்கியதுதான் ஜேசன். ஜாவாவில் எழுதப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. எந்த நிகழ்ச்சியை முதலில் கவனிப்பது, எந்தத் திட்டத்தை எடுப்பது, எந்த எண்ணத்தை முன்னே நகர்த்துவது என்ற மூன்று தேர்வுகளையும் நாமே மாற்றி எழுதலாம். ஒரு திட்டம் தோற்றால் அதற்கென்று மாற்றுத் திட்டமும் எழுதி வைக்கலாம்.

சரி, இப்படி ஒரு மொழியை நாமே உருவாக்க முடியுமா? தாராளமாக முடியும். இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால் ஆன்ட்லர், ஜாவாசிசி போன்ற கருவிகள் அதைப் பிரித்துப் படிக்கும் நிரலைத் தயாரித்துத் தந்துவிடும். எக்ஸ்டெக்ஸ்ட் என்றால் எடிட்டரும் சேர்ந்தே வரும். சார்ல் என்ற ஏஜென்ட் மொழி அதன் மேல்தான் கட்டப்பட்டது. ஏஜென்டுகளுக்குள் செய்தி அனுப்ப ஜேட் இருக்கிறது. லூயிஸ் டென்னிஸ், மைக்கேல் ஃபிஷர் முதலானோர் உருவாக்கிய ஏ.ஐ.எல். தொகுப்பில் நம்பிக்கை, எண்ணம், திட்டம் எல்லாம் ஜாவா வகுப்புகளாகத் தயாராக இருக்கின்றன. அவற்றைக் கோத்து நம் மொழிக்கான இயக்கியை எழுதலாம். அப்படி எழுதினால், நாசாவில் பிறந்த ஜாவா பாத்ஃபைண்டரின் துணையோடு, "இந்த ஏஜென்ட் எந்தச் சூழலிலும் தப்புப் பண்ணாதா?" என்று எல்லா வழிகளிலும் நடத்திச் சோதிக்கலாம். நேரம் நிறைய பிடிக்கும். சின்ன நிரலுக்குத்தான் கட்டுப்படியாகும்.

இவ்வளவு பாடு எதற்கு, பெரிய மொழி மாதிரியிடம் சொன்னால் அதுவே செய்துவிடுமே என்று கேட்பீர்கள். நான் வேலை பார்ப்பது ஆலைக் கட்டுப்பாட்டுத் துறையில். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பம்ப் நின்றால், ஷிப்டில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் சார் நின்னுச்சு?" என்பதுதான். ஜேசனில் ஏஜென்டின் மனதைத் திறந்து பார்க்கலாம். இந்த நம்பிக்கை, இந்தத் திட்டம் என்று காட்டும். மொழி மாதிரியிடம் கேட்டால் அழகாக ஒரு காரணம் சொல்லும்; அதுதான் உண்மையான காரணமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பேச்சைப் புரிந்துகொள்ள அது இருக்கட்டும். மோட்டாரைப் போடும் முடிவு, படித்துப் பார்க்கக்கூடிய திட்டத்தில் இருக்கட்டும் என்பது என் கட்சி. அங்கே வேலை செய்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டு பிராஜெக்டை எங்கிருந்தோ வாங்கி பைண்டிங் போடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து, பத்து விதி கொண்ட ஒரு குட்டி ஏஜென்ட் மொழி எழுதுங்கள். கம்பைலர் பாடம் எதற்கென்று அன்றைக்குப் புரியும். வழிகாட்ட நாங்கள் சிலர் தயார். சங்கத்தின் மூலம் கேளுங்கள்.