வரிப் படிவம் தாமதமானால் ஒளிய வேண்டாம்

(கோம்பையில் நடந்த நம் டிரஸ்ட் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்விக்கும் மருத்துவத்துக்கும் உதவி கேட்டு வருவோரை நாம் அடிக்கடி பார்க்கிறோம். இன்று பேச வந்தது வேறு ஒன்று.

நம் சகோதரர் ஒருவர் பெயின்ட், வயரிங் சாமான் கடை வைத்திருந்தார். அவருடைய அத்தாவுக்கு மதுரையில் இருதய ஆபரேஷன். ஏழெட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் ஜிஎஸ்டி படிவம் ஒன்றுகூடப் போடவில்லை. மருந்துச் செலவுக்கு நாம் உதவினோம். "கடைக் கணக்கு என்ன ஆயிற்று?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவு ரத்தானது. மொத்த வியாபாரி சரக்குத் தர மறுத்தார். கடையைப் பூட்டிவிட்டுக் குமுளிக்குக் கூலி வேலைக்குப் போனார். ஓராண்டு கழித்துத்தான் காகிதங்கள் நம் கைக்கு வந்தன. அதற்குள் எல்லாக் கெடுவும் தாண்டிவிட்டது. இதில் நம் குறையும் உண்டு.

நோட்டீஸ் தபாலில் வரும் என்று அவர் இருந்தார். அதுவோ ஜிஎஸ்டி இணையதளத்தில் கிடந்தது. பதிவில் இருந்த செல் நம்பர் கணக்கு எழுதுபவருடையது. எனவே முதல் வேண்டுகோள்: உங்கள் பதிவில் உங்கள் நம்பரே இருக்கட்டும்.

அடுத்து, தாமதக் கட்டணம் வேறு, அதிகாரியின் ஆணை வேறு என்பதைப் புரிந்துகொள்வோம்.

மாதப் படிவமான 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் என்றால் ஒரு படிவத்துக்கு அதிகபட்சம் 2,000. வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் படிவம் போட வேண்டும். அது தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. இந்தக் கட்டணத்தை இணையதளமே கணக்கிட்டுவிடும். அதிகாரியிடம் கெஞ்சிக் குறைக்க முடியாது. ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்து அரசு அறிவித்தால்தான் தள்ளுபடி.

ஆணைக்கு வழி உண்டு. படிவம் போடாதவருக்கு 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அசையாவிட்டால் அதிகாரி தாமே வரியை மதிப்பிட்டு ஆணை போடலாம். அது கிடைத்த 60 நாளுக்குள் முறையான படிவத்தைப் போட்டு, வரியைக் கட்டினால் அந்த ஆணை விலகிவிடும். தாமதக் கட்டணமும் வட்டியும் மட்டும் நிற்கும்.

பதிவு ரத்தானால், நிலுவைப் படிவங்களைப் போட்டுவிட்டு 90 நாளுக்குள் ரத்தை நீக்கக் கோரலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 180 நாள் வரை நீட்டிப்புக் கிடைக்கலாம். அதிகாரியின் ஆணை தவறு என்று கருதினால், அது கிடைத்த 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். அதற்குமேல் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரமில்லை.

அதன்பின் ஐகோர்ட்தான். சுகுணா கட்பீஸ் சென்டர் என்ற துணிக்கடையும் இன்னும் பல வியாபாரிகளும், ரத்தான பதிவைத் திரும்பக் கேட்டுச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 31.1.2022 அன்று தீர்ப்பு வந்தது. இவர்களை வரி வளையத்துக்கு வெளியே நிறுத்துவதால் அரசுக்கும் லாபமில்லை என்று கருதிய நீதிமன்றம், பழைய படிவங்களை எல்லாம் போட்டு, வரி, வட்டி, தாமதக் கட்டணத்தை 45 நாளுக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பதிவை மீட்டுத் தந்தது. அதைப் பின்பற்றிப் பலருக்கும் ஆணை கிடைத்தது. தேனி மாவட்டத்தாருக்கு மதுரைக் கிளை. நம் சகோதரரும் அந்த வழியில்தான் கடையைத் திரும்பத் திறந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வக்கீல் செலவும் ஓராண்டு வருமானமும் போனது போனதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உடம்பு சரியில்லாமல் இருந்தேன் என்று டிரஸ்ட் லெட்டர் கொடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். நடக்காததை நாம் எழுதித் தர முடியாது. பொய்யில் தொடங்கும் மனுவில் பரக்கத் எங்கிருந்து வரும்? உண்மையான காரணம் இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் காகிதம், தேதியோடு வையுங்கள், அதுவே பேசும்.

வாடிக்கையாளரிடம் நாம் வாங்கும் வரி நம் பணமன்று, அமானிதம். குர்ஆனில் மிக நீண்ட வசனம் அல்பகரா சூராவின் 282-ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல.

இனி மருத்துவ உதவி கேட்டு வரும் ஒவ்வொரு வியாபாரியிடமும் "படிவம் போட்டாச்சா?" என்று நாம் கேட்போம். கோபிக்க வேண்டாம். நோட்டீஸ் வந்தவர்கள் வெட்கப்படாமல் காகிதத்தோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். விவரம் தெரிந்த ஆடிட்டரிடம் அழைத்துப் போகிறோம். கடையை மூடலாமா என்று யோசிக்கும் முன்பே வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் தொழில்களை ஹலாலாகவும் பரக்கத்தாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.