மேசையின் அந்தப் பக்கம்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவியர் சங்கம் உயர்தர வகுப்பு மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடத்திய வழிகாட்டல் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் மூவர். ஒரே வருடம் இந்த மண்டபத்தில் உயர்தரப் பரீட்சை எழுதினோம். ஒரே வருடம் பேராதனைக்குப் போய் அரசியல் விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தோம். இன்று மூவரும் வெவ்வேறு அரச அலுவலகங்களில் வேலை செய்கிறோம். மேடையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்றார்கள். பேச்சை மூவரும் சேர்ந்து எழுதியதால் 'நான்' என்ற சொல் இதில் வராது.

அரச சேவைக்குப் போக விரும்பும் பிள்ளை பல்கலைக்கழகத்தில் அரசியலும் நிர்வாகமும் படிப்பதால் என்ன பயன் என்பது எங்களுக்குத் தந்த தலைப்பு. இந்தக் கேள்வியை முதலில் கேட்டது எங்கள் வீட்டார்தான். பேராதனைக்குக் கிடைத்த செய்தி லயம் முழுக்கப் பரவிய அன்று மாலை, பக்கத்துக் காம்பிரா மாமா வந்து சந்தோசப்பட்டார். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். அரசியல் என்றோம். முகம் மாறியது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குமா அது? எந்தக் கட்சியில?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். தோட்டத்தில் அரசியல் என்றால் தலைவர்மார், தேர்தல் நேரத்து ஜீப், தகரம், சந்தா. அப்படி ஒரு பாடம் இருக்க முடியும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அந்தப் பாடத்தை நாங்கள் பேராதனைக்குப் போவதற்கு முன்பே தொடங்கிவிட்டோம் என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே இருக்கும் பலருக்கும் அந்த அனுபவம் இருக்கும். ஏழாம் எட்டாம் வகுப்பில் அப்பா ஒரு நாள் பேர் போடாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு பதுளைக் கச்சேரிக்குப் போவார். ஏன் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்? படிவம் சிங்களத்தில் இருக்கும். பிள்ளை படித்த பிள்ளை, எப்படியாவது சமாளிக்கும் என்ற நம்பிக்கை. நாங்கள் சமாளிக்கவில்லை. அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கும். மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் ஏதோ சொல்வார். நாங்கள் பாதியை ஊகித்து அப்பாவுக்குச் சொல்வோம். வரும்போது அப்பா வடையும் பிளேன்டீயும் வாங்கித் தருவார். காரியம் நடந்திருக்காது.

இன்னொன்று கடிதம். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரில் வரும் தபால் ஆபிசில் இறங்கும், அங்கிருந்து யார் கையிலாவது வரும். எங்களில் ஒருவருடைய அண்ணனுக்கு ஒரு அரச நேர்முகத் தேர்வுக்கான கடிதம் வந்தது. தோட்ட ஆபிசில் ஒரு கட்டுக்குள் கிடந்து, தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அண்ணன் கொழும்பில் கடை வேலைக்குப் போனார், இன்றும் அங்கேதான். அந்தக் கடித உறை எங்களிடம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் எங்களுக்கு அலுப்பாகத்தான் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், இறைமை, வலுவேறாக்கம் என்று குறிப்பு எழுதினோம். இரண்டாம் வருடம் அரசியலமைப்பு வரலாறு வந்தது. அங்கேதான் விழித்தோம்.

எல்லோருக்கும் தெரிந்த கதையின் சுருக்கம் இது. 1931இல் இலங்கைக்கு சர்வசன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக் கூடாது என்றார்கள். எங்கள் தாத்தாமாரின் வாக்கு அப்படிப் போனது. மேதினக் கூட்டங்களில் கேட்டு வளர்ந்த கதைதான்.

விரிவுரையாளர் எங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லவில்லை, ஒரு வழக்கை வாசிக்கத் தந்தார். கோடக்கன் பிள்ளை எதிர் முதன்நாயக்க. கோடக்கன் பிள்ளை இந்திய வம்சாவளித் தமிழர். தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். முதன்நாயக்க இடாப்பைத் தயாரித்த பதிவு அதிகாரி, சட்டப்படி முடியாது என்றார். விடயம் மீளாய்வு அதிகாரியிடம் போனது. அவர் பெயர் சிவஞானசுந்தரம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை எடுத்தார். மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஒரு சமூகத்தார் மேல் மட்டும் விதிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அந்தப் பிரிவு சொன்னது. ஆகவே இந்தச் சட்டங்கள் செல்லாது, கோடக்கன் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று தீர்த்தார். பதிவு அதிகாரி உயர் நீதிமன்றம் போனார். 1951இல் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது: யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான உரிமை, சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லை என்றார்கள்.

நாங்கள் வாசித்துவிட்டுக் கோபத்தோடு வகுப்புக்குப் போனோம். விரிவுரையாளர் எங்கள் கோபத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமைக்கு ஒரு வேலை தந்தார். பதிவு அதிகாரியின் இடத்திலிருந்து ஒரு குறிப்பு, மீளாய்வு அதிகாரியின் இடத்திலிருந்து ஒரு குறிப்பு, இரண்டையும் எழுதுங்கள் என்றார். முதல் குறிப்பை எழுத எங்களுக்குக் கை வரவில்லை. எழுதியபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்த மேசையில் இருந்தவர் தன் கையிலிருந்த சட்டத்தை வாசித்து அதன்படி நடந்தார். அதே சட்டத்தை, அதே சம்பளம் தரும் அரசாங்கத்தின் இன்னொரு அதிகாரி, மேலே இருந்த சட்டத்தோடு வைத்து வாசித்தார். தோற்றுப் போனார், சரி. ஆனால் அப்படி வாசிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை மேசையின் இந்தப் பக்கம் மட்டுமே எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது, எது அவரால் முடியும், எது முடியாது, முடியாததை எங்கே போய் மாற்றுவது என்பதைப் படிப்பதுதான் இந்தப் படிப்பு.

29ஆம் பிரிவு உருவான காலத்தில் டி.எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அந்த வளவில் உட்கார்ந்து அந்தப் பிரிவு எப்படித் தோற்றது என்று படித்தது ஒரு விசித்திரமான உணர்வு.

மூன்றாம் நான்காம் வருடத்துப் பாடங்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம்: பொது நிர்வாகம், பொதுக் கொள்கை, உள்ளூராட்சி, ஆய்வு முறை. இதில் உள்ளூராட்சியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எங்களில் ஒருவர் இறுதி வருட ஆய்வுக்குத் தன் தோட்டத்து வீதியை எடுத்தார். மழை பெய்தால் கர்ப்பிணியைக் கட்டிலோடு தூக்கி வரும் வீதி. நாங்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கிறோம், ஏன் சபை அந்த வீதியைப் போடுவதில்லை? சபை அலுவலகத்தில் ஒரு எழுதுவினைஞர் பொறுமையாக 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைத் திறந்து 33ஆம் பிரிவைக் காட்டினார். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட வழியில்லாத விதத்தில் அது இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஆட்கள் ஒவ்வொரு தேர்தலிலும் வீதி கேட்டிருக்கிறார்கள், வேட்பாளர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இடையில் ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருப்பதை யாரும் தோட்டத்தில் சொல்லவில்லை. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. திருத்தியது நாங்கள் அல்ல. பலர் பல வருடம் எழுதியும் பேசியும் வந்ததன் பலன். திருத்தியதும் எல்லா வீதியும் வந்துவிடவும் இல்லை. அதற்குச் சபையின் தீர்மானம் வேண்டும், தோட்ட நிர்வாகத்தோடு பேச வேண்டும், பணம் வேண்டும். ஆனால் இப்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்கலாம்.

இனி வேலையைப் பற்றி. 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. சிறுபான்மை மொழி பேசுவோர் எட்டில் ஒரு பங்குக்கு மேல் உள்ள பிரதேச செயலகப் பிரிவை இரு மொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனம் செய்யலாம். நாட்டில் அப்படி 41 பிரிவுகள் உண்டு, நமது பதுளை மாவட்டத்துப் பிரிவுகள் பலவும் அதில் உள்ளன. வர்த்தமானியில் இருப்பது அது. அலுவலகத்தில் இருப்பது எங்களைப் போல ஓரிருவர். தெமோதரைப் பக்கமிருந்தோ உடுவரைப் பக்கமிருந்தோ ஒரு அம்மா வருவார், கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பத்திரங்கள். "வாங்க அம்மா, உட்காருங்க" என்றதும் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே இந்த வேலையில் இருக்கிறோம் என்று சொன்னால் மிகை என்று நினைக்காதீர்கள்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். தமிழ்க் கடிதம் எது வந்தாலும் எங்கள் மேசைக்குத் தள்ளப்படும். சொந்த வேலை மாலையில் தொடங்கும். நாளடைவில் அதிகாரி என்பது போய் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவோம். தமிழருக்குத் தமிழ் அதிகாரி என்பது தீர்வல்ல என்பது எங்கள் கருத்து. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் எல்லா அரச ஊழியரும் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அந்த எல்லாருக்குள் நாங்களும் அடக்கம். ஹாலிஎல பஸாரில் சிங்களம் பேசி வளர்ந்தவர்கள்தானே, பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். பஸார்ச் சிங்களம் வேறு, கோப்புச் சிங்களம் வேறு. ஒரு கடிதத்துக்கு இரண்டு மணித்தியாலம் அகராதியோடு உட்கார்ந்திருக்கிறோம். தங்கைமாரே, இதை மட்டும் பல்கலைக்கழகம் வரை ஒத்திப் போடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு உண்மையும் சொல்ல வேண்டும். இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு அரசியல் விஞ்ஞானம்தான் படித்திருக்க வேண்டும் என்று விதி இல்லை; பட்டம் இருந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம். விஞ்ஞானப் பட்டதாரிகளும் சித்தியடைகிறார்கள். எங்கள் மூவரில் ஒருவருக்கே அது முதல் தடவையில் கிடைத்தது. ஒருவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து உள்ளிருந்து மேலே வர முயல்கிறார். மற்றவர் இரண்டு வருடம் வேலையின்றி வீட்டில் இருந்தார். அந்த இரண்டு வருடமும் அதே மாமா தினமும் வந்து, "என்ன, அரசியல் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நின்றதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே பட்டம் வந்தால் கதிரை வரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இந்தப் பாடத்தைப் பேராதனையில் மட்டுமல்ல, கொழும்பு, யாழ்ப்பாணம், தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரவில் பொது நிர்வாகத்துக்குத் தனித் துறையே உண்டு. பரீட்சைக்கு வயதெல்லை உண்டு, அது வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறலாம். கேள்விப்பட்டதை நம்பாமல் வர்த்தமானியை வாசியுங்கள்.

2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது எங்களில் ஒருவருடைய அம்மாயியை நினைத்துக்கொண்டோம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1964 ஒக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் இருந்தவர் என்று காட்ட அவருக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பியது பள்ளிக்கூடத்துப் பேத்தி. அம்மாயி பெருவிரலை மையில் தோய்த்துவிட்டு, "நாம பொறந்த எடத்துல நாம இருக்கோம்னு எழுத இத்தன கோடா?" என்று கேட்டார். அந்தப் பேத்திக்கு அன்று பதில் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் மூவரும் நூலகத்தில் இருப்போம். இந்த வாரத்து வர்த்தமானிப் பிரதி ஒன்றும், பழைய போட்டிப் பரீட்சை வினாத்தாள்கள் சிலவும் கொண்டு வந்திருக்கிறோம். பெயர் மாறிய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரச்சினை உள்ள அம்மாமாரும் வரலாம். பத்திரங்கள் கையில் இருந்தால் கொண்டு வாருங்கள். பஸ் இருக்கும் வரை இருப்போம்.