"எனக்கு லோ பிரஷர்" என்பவர்களுக்கு

(அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமில் மருத்துவர் ஆற்றிய உரை)

 

முகாமுக்கு வரும் பெண்களில் பலர் உட்கார்ந்ததுமே, "டாக்டர், எனக்கு லோ பிரஷர்" என்கிறார்கள். அளந்தால் 110/70 இருக்கும். அது நல்ல அளவு. விசாரித்தால், "ரத்தம் கம்மின்னு சொன்னாங்க" என்பார்கள். ரத்தம் கம்மி என்பது ரத்தசோகை, அதாவது ஹீமோகுளோபின் குறைவு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. பிரஷர் என்பது ரத்தக் குழாயின் சுவரில் ரத்தம் கொடுக்கும் அழுத்தம். இது வேறு, அது வேறு. ரத்தசோகைக்கு உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தால் சோகையும் தீராது, அதன் காரணமும் தெரியாமலே போய்விடும்.

90/60க்குக் கீழே இருந்தால் லோ பிரஷர் என்பது பொதுவான கணக்கு. மெலிந்த உடல்வாகுள்ள ஒரு பெண் அந்த அளவோடு ஓடியாடி வேலை செய்வாள். தலைசுற்றலோ மயக்கமோ இல்லையென்றால் அவளுக்கு மருந்து தேவையில்லை. ஆனால் எப்போதும் 150 இருக்கிற பெரியவருக்குத் திடீரென்று 100 ஆகிவிட்டால், கணக்குப்படி அது சரியான அளவுதான். அவர் உடம்புக்கு அது ஆபத்தாக இருக்கலாம். ஆகவே ஒருவருடைய வழக்கமான அளவு என்ன என்பது வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்து அதைச் சமாளிக்கும். வயதானவர்களுக்கும், சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தவர்களுக்கும் இது தாமதமாகும். சஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது கண் இருட்டுகிறது, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் தள்ளாடுகிறது என்பார்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் காரணம். உட்காரவைத்து ஒருமுறை அளந்தால் இது பிடிபடாது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. இப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெரியவர்கள் எழுந்து நடமாடுவதே கஷ்டம்.

பல நேரம் காரணம் மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது. பிரஷருக்கு ஒரு டாக்டர், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எழுதித் தந்தவர் வேறு டாக்டர், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை தந்தவர் இன்னொருவர். மூன்றும் பிரஷரை இறக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். நோன்பு வைப்பவர்கள் ரமழானுக்கு முன்பே காட்டி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் வருகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, சோர்வா படுத்திருக்கான்" என்று விட்டுவிடுகிறோம். அந்த நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். பிரஷர் 100/80 என்று வரும். மேல் அளவு 100 இருக்கிறதே என்று நிம்மதியடையக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 20 தான் இருக்கிறது, அது அதிர்ச்சி நிலையின் தொடக்கம். கைகால் சில்லிடுகிறதா, விடாமல் வாந்தி, வயிற்றுவலி இருக்கிறதா, சிறுநீர் குறைந்ததா என்று பாருங்கள். இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மலம் கறுப்பாகப் போய் மயக்கம் வந்தாலும், நெஞ்சுவலியோடு வியர்த்தாலும், நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்தாலும் இதே அவசரம்தான். 108ஐக் கூப்பிடுங்கள்.

ஒருவர் மயங்கி விழுந்தால் உட்காரவைத்துப் பிடிக்காதீர்கள், படுக்கவையுங்கள். மூச்சு சீராக இருந்தால் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ ஜூஸோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நினைவு வந்தபின் கொடுக்கலாம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பு கலந்து கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

பரிசோதனை தொடங்கப் போகிறோம். மாத்திரை அட்டைகளைக் கொண்டு வந்திருக்கும் பெரியவர்கள் முதலில் வாருங்கள். மெதுவாக எழுந்து வாருங்கள்.