பங்குனி ஆமையும் கால்சியமும்

(தரங்கம்பாடியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)



கால்சியம் எதற்கு என்று கேட்டால், "எலும்புக்கும் பல்லுக்கும்" என்பார்கள் பிள்ளைகள். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையைச் சொன்னால், முட்டையின் ஓட்டுக்கும் என்பார்கள். அப்போது நான் கேட்பேன்: ஏறக்குறைய நூறு முட்டைகளையும் வெளியே தள்ளுவது எது?

முட்டையிடும் வேளையில் ஆமையின் இரத்தத்தில் வாசோடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. மனிதப் பிரசவத்தில் வேலை செய்யும் ஆக்ஸிடோசினுக்கு உறவு அது. ஆனால் அது செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலிலுள்ள ஏற்பியைத் தொடுவதோடு சரி. உள்ளே செய்தி கொண்டுபோவது கால்சியம் அயனி. ஓய்விலிருக்கும் செல்லினுள், வெளியே இருப்பதில் சுமார் 10,000-இல் ஒரு பங்கு கால்சியமே இருக்கும். ஏற்பி தூண்டப்பட்டதும், மதகு திறந்த வாய்க்கால்போல உள்சேமிப்பிலிருந்தும் வெளியிலிருந்தும் அயனி பாய்கிறது. கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. முட்டைக்குழாயின் தசை சுருங்குகிறது. அயனியை வெளியேற்றியதும் தசை தளர்கிறது. பிறகு அடுத்த சுருக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கால்மோடுலின் வேண்டாம்; மதகு போதும்.

இன்னொன்று. கரையேறி இடம் தேடும் ஆமை, வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இடத் தொடங்கிய பின் பெரும்பாலும் நிறுத்தாது. அந்த முதல் அரைமணி நேரத்தை டார்ச் விளக்கும் கைபேசியும் கெடுத்துவிடுகின்றன. ஆர்வத்தில் பிள்ளைகளை இரவில் கடற்கரைக்கு அழைத்துப் போகாதீர்கள். கூழையாரில் வனத்துறையின் பொரிப்பகம் இருக்கிறது; அனுமதி பெற்று, குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் கூட்டிப் போங்கள்.