முகாம் தீயில் ஒரு கோப்பை கோப்பி

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சாரணியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் கூடி யோசித்தபோது, முகாம் என்றதும் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான் வந்தது: கோப்பி. விறகுத் தீயில், புகை வாசத்தோடு, தகரக் குவளையில் குடித்த கோப்பி. அதையே இன்றைய பேச்சாக எடுத்துக்கொண்டோம்.

தேயிலை நாட்டில் கோப்பி எதற்கு என்று கேட்பீர்கள். நமது மலைகளில் முதலில் பெருந்தோட்டமாக வளர்ந்தது கோப்பிதான். நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தது கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத்தான். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869 இல் கோப்பி இலைகளில் துருப் பிடித்தாற்போல ஒரு பங்கசு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் அதிகம் வேண்டும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் பெருந்தொகையாக வந்து லயங்களில் நிலைத்தார்கள். நம்மில் பலர் அந்தக் கொழுந்துக்காரிகளின் பேத்திகள்.

இலங்கையில் பெண் சாரணியம் 1917 இல் கண்டியில் தொடங்கியது. தொண்ணூறுகளில் நாங்கள் சாரணியராக இருந்தபோது, தீ மூட்டவும் தீயை அணைக்கவும் தெரிந்த பிறகே கேத்தலைத் தொட விடுவார்கள். அந்த முறையை உங்களுக்கும் சொல்லித் தருகிறோம்.

விறகை முதல் நாள் மாலையிலேயே சேர்த்துப் படங்கின் கீழ் வையுங்கள். விடியும்போது வெளியே கிடக்கும் விறகு பனியில் ஊறியிருக்கும். காய்ந்த கவ்வாத்து மிளாறு உடனே பற்றும். காய்ந்த புல்லுக்கு அருகில் தீ மூட்ட வேண்டாம். காற்று அடித்தால் மலையே எரிந்துவிடும். மூன்று கல் வைத்து, நடுவே சிறு தீயாக மூட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் கேத்தலை இறக்கி, கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி கோப்பித்தூள் போட்டு, மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசக்கும். பிறகு, கொதித்து ஆறிய தண்ணீர் சிறிது தெளித்தால் மண்டி அடியில் படியும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலும் ஹட்டனில் 96 பாகையிலும் கொதித்துவிடும். சோறு வேகத் தாமதமாகும். கோப்பிக்கோ அந்தச் சூடே பொருத்தம்.

குடிதண்ணீரைக் கொப்புளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமாவது விடுங்கள். 2000 மீற்றருக்கு மேலே போனால் மூன்று நிமிடம். கிருமி சாகும், தேயிலை மலைக்கு அடித்த மருந்தும் உரமும் கொதித்தாலும் போகாது. ஆகவே மலைக்குக் கீழே ஓடும் நீரை எடுக்காதீர்கள். கையில் சுட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம். சாப்பாட்டோடு கோப்பியோ தேநீரோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தசோகை அதிகமுள்ள நம் பெண்பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது.

இன்னொன்றை மறக்கவே கூடாது. குளிருக்காகத் தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வீட்டில் கதவை அடைத்துக் கரிச்சட்டி வைத்தாலும் இதே ஆபத்துத்தான்.

வீடு என்றதும் ஒரு விடயம். முகாமில் புகை கண்ணில் பட்டால் நாம் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். லயத்துக் குசினியில் நிற்கும் அம்மாவுக்கு மறுபக்கம் ஏது? மலைக்குப் போகும் முன் இருட்டோடு எழுந்து, அந்தப் புகையில்தான் ரொட்டி சுடுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020 இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். புகைத்தூள் பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் அடைபடும் நோய் வருகிறது. வைத்தியசாலையில் அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கிறதா, அம்மா?" என்பதுதான். பலரும் தலையை ஆட்டி இல்லை என்கிறார்கள்.

ஆகவே, பிள்ளைகளே, முகாம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். விறகைக் காயவைத்துக் கொடுங்கள். அடுப்பு எரியும்போது கதவையும் யன்னலையும் திறந்து வையுங்கள். கைக்குழந்தையைக் குசினியிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். இவற்றுக்குக் காசு தேவையில்லை. புகைபோக்கிக்குக் காசு வேண்டும். நூற்றாண்டுக்கு மண்டபமும் நினைவுத்தூணும் கட்டுவோம் என்று பேசும் நமது சங்கம், நம் மாணவிகளின் வீடுகளில் சில புகைபோக்கிகளையும் கட்டித் தரலாம் என்று எங்கள் வகுப்பின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முதல் பங்கைத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

முகாம் நல்லபடியாக நடக்கட்டும். புறப்படும் முன் தீயில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் நடையைக் கட்டலாம்.